நீங்க லோக்கல்தானே மேடம்

பூசணிக்காய் வாங்கி வரச் சொல்லி புரொடக்‌ஷன் மேனேஜர் ஃபோன் செய்தபோது நான் சிதம்பரம் கீழ வீதியில் வாழை இலைக்கடை முன்னால் நின்றிருந்தேன். யூனிட்டுக்கு மதியச் சாப்பாட்டு இலை எடுக்க வேண்டியிருந்தது.

"மேடம், நல்ல வெள்ளைப் பூசணியா, பெருசா ஒண்ணு. சூடம், குங்குமம் எல்லாம் நீங்களே பார்த்துக்குங்க. நாளைக்குச் சாயங்காலம் உடைச்சிடலாம்னு டைரக்டர் சொல்லிட்டார்."

"எதுக்கு சார் உடைக்கணும்?"

"எதுக்கா? படம் முடிஞ்சிருச்சில்ல மேடம்."

சினிமாக்காரர்களிடம் இப்படி ஒரு வழக்கம் உண்டு. ஒரு படத்தின் படப்பிடிப்பு முழுவதும் முடிகிற நாளில் பூசணிக்காயின் மேல் சூடம் ஏற்றி, கேமராவைச் சுற்றித் திருஷ்டி கழித்து, நடுரோட்டில் போட்டு உடைப்பார்கள். உடைத்த பிறகு கட்டிப்பிடித்துக்கொள்வார்கள், ஃபோட்டோ எடுத்துக்கொள்வார்கள். அதற்குப் பின்னால் சில்லறை வேலைகளாக ஒன்றிரண்டு ஷாட் எடுப்பதுண்டு. ஆனால் ஒரு முழு சீனை மிச்சம் வைத்துக்கொண்டு யாரும் பூசணிக்காய் உடைப்பதில்லை.

அந்தப் படத்தில் எனக்கு ஒரு சீன் இருந்தது. அது இன்னும் எடுக்கப்படவில்லை.

"இலை வேணுமா வாணாமா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"வேணும். பூசணிக்காய் எங்க நல்லா இருக்கும்?"

"மார்க்கெட்டுக்குள்ள போங்க. இன்னா, வூடு குடி போறீங்களா?"

இல்லை என்று சொல்லிவிட்டு மார்க்கெட்டுக்குள் போனேன். அடுக்கி வைத்திருந்ததில் பெரிதாக ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்த்தேன். அந்த நேரத்திலும் அழுகலில்லாத காயாகப் பார்த்துத்தான் எடுத்தேன். என் தொழில் அது.

என் தொழில் இரண்டு. இரண்டும் ஒரே நாளில், ஒரே ஆட்களிடமிருந்து வந்தவை. அப்போது நான் கடலூரில் ஒரு தினசரிக்குப் பகுதி நேர நிருபராக இருந்தேன். ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன், கலெக்டர் ஆபீஸ் என்று சுற்றுகிற வேலை. குறும்படம் எடுக்க வந்த சில இளைஞர்கள் முதுநகர் பக்கம் பழைய கட்டடங்களைக் காட்டுவதற்கு ஆள் தேடினார்கள். யாரோ என்னைக் கைகாட்டினார்கள். கட்டடங்களைக் காட்டினேன். பெண் இன்ஸ்பெக்டராக நடிக்க வேண்டியவர் பஸ் கிடைக்காமல் திண்டிவனத்திலேயே திரும்பிவிட்டதாகச் சொல்லி, அந்தச் சட்டையை எனக்கு மாட்டிவிட்டார்கள். இன்ஸ்பெக்டர்கள் எப்படி நிற்பார்கள், எதிரில் இருப்பவரை எப்படிப் பார்க்காமல் பேசுவார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தினமும் அவர்கள் எதிரில் நிற்பவள்தானே.

அதன் பிறகு சீரியல் வந்தது. சீரியலில் என் வேலை அழுவது. முதலில் மகளுக்காக அழுதேன், பிறகு மருமகளை அழ வைத்தேன், கடைசியில் எல்லோருக்கும் சேர்த்து அழுதேன். சென்னைக்குப் போவதும் வருவதுமாக இருந்ததில் பத்திரிகை வேலை தானாக நின்றுபோனது. மாதத்தில் பாதி நாள்கூட நடிப்பு வேலை இருக்காது. மிச்ச நாட்களுக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது என் கொழுந்தன்தான் வழி சொன்னான். அவன் குறிஞ்சிப்பாடியில் சவுண்டு சர்வீஸ் வைத்திருந்தவன்.

"அண்ணி, ஷூட்டிங்குக்கு வர்றவன் எல்லாம் எடம் கேக்குறான், ஆளு கேக்குறான், சோறு கேக்குறான். அத்தினியும் நம்மகிட்ட இருக்குது. நாம ஏன் ஒரு கம்பெனியா போட்டுக்கக் கூடாது?"

போட்டோம். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் எங்கே படம் எடுக்க வேண்டுமானாலும் வீடு, தோப்பு, படகு, அனுமதி, கூட்டத்துக்கு ஆட்கள், சாப்பாடு, ஜெனரேட்டர் எல்லாம் நாங்கள் ஏற்பாடு செய்து கொடுப்போம். தெற்கு வீதியில் ஒரு மாடி அறையை ஆபீஸாக எடுத்துக்கொண்டோம். நடிப்பும் தொழிலும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் என்று என்னைப் பேட்டி எடுத்த உள்ளூர் கேபிள் சேனல்காரரிடம் சொன்னேன். அப்படித்தான் நம்பினேன்.

நடந்தது வேறு. மேக்கப் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் ஒரு குரல் கேட்கும்: "மேடம், ஜெனரேட்டருக்கு டீசல் இல்லையாம்." பாதிப் புருவத்தோடு எழுந்து போவேன். வசனத்தை மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருக்கும்போது சமையல்காரர் வந்து தயிர் புளித்துவிட்டது என்பார். கூட்டத்தில் நிற்க வந்த பெண்கள் நான் நடிக்கிற ஷாட்டுக்கு நடுவிலேயே, "ஏஜென்ட்டக்கா, எங்கள எப்ப வுடுவாங்க? பால் கறக்கணும்" என்று கேட்டிருக்கிறார்கள். சென்னையில் ஒரு அலுவலகத்துக்கு வாய்ப்புக் கேட்டுப் போனால், "ஓ, பிச்சாவரம் மேடம்தானே? நல்லதாப் போச்சு, ஒரு தோப்பு வீடு வேணும்" என்பார்கள். வீட்டின் ஃபோட்டோக்களைக் காட்டிவிட்டுத் திரும்புவேன்.

எதிர்த் திசையிலும் இதே கதைதான். பரங்கிப்பேட்டையில் ஒரு பழைய வீட்டைப் படப்பிடிப்புக்குக் கேட்கப் போனபோது வீட்டுக்கார அம்மாள் என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"மருமவளுக்குச் சோறு போடாம கொல்லப்பக்கம் தள்ளிக் கதவச் சாத்துனவதானே நீ? உன்ன எப்பிடி வூட்டுக்குள்ள வுடுறது?"

"அது கதைங்கம்மா."

"கதையோ என்னவோ. நான் ரெண்டு நாளு சாப்புடல தெரியுமா?"

என் நடிப்புக்குக் கிடைத்த முழுமையான பாராட்டு அதுதான். வீடு கிடைக்கவில்லை.

இந்த நிலையில்தான் அந்த டைரக்டர் வந்தார். இளைஞர், முதல் படம். கடலும் சதுப்புக் காடும் வருகிற கதை. எங்கள் கம்பெனிக்கு இடம் பார்க்கும் வேலை வந்தது. இடம் பார்ப்பதற்காகக் கதையை என்னிடம் படிக்கக் கொடுத்தார். அதில் கடலில் காணாமல் போன ஒரு பையனின் அம்மா வருகிறாள். படம் முழுக்க அவளுக்கு ஒரே ஒரு சீன். தாலுகா ஆபீஸில் மகனுக்கு இறப்புச் சான்றிதழ் கேட்டு நிற்கிறாள். உடல் கிடைக்காமல் எப்படிக் கொடுப்பது என்று கிளார்க் கேட்கிறான். கதையில் அந்த இடத்தில், 'அவள் கதறி அழுகிறாள்' என்று எழுதியிருந்தது.

அழ மாட்டாள் என்று டைரக்டரிடம் சொன்னேன்.

பத்திரிகை வேலையில் இருந்தபோது அரசு மருத்துவமனைப் பிணவறை வாசலில் நான் பார்த்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னேன். மகனுடைய உடலை வாங்க வந்தவள். இன்னும் நேரமாகும் என்று உள்ளிருந்து சொன்னார்கள். அவள் அழவில்லை, யாரையும் திட்டவில்லை. கையிலிருந்த மஞ்சப்பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்து, "எங்க ஊருக்குக் கடசி பஸ் எத்தினி மணிக்கு?" என்று கேட்டாள். யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை. ஒருவரும் பதில் சொல்லவில்லை. அதை அப்படியே எழுதி அனுப்பினேன். மறுநாள் பேப்பரில் நான்கு வரிச் செய்தியாக வந்தது. அந்தப் பெண்ணும் பஸ்ஸும் அதில் இல்லை. இடம் இல்லை என்று டெஸ்க்கில் சொன்னார்கள். சரியான காரணம்தான். ஆனாலும் அந்தக் கேள்வி என்னிடமே தங்கிவிட்டது.

டைரக்டர் கதைப் பிரதியை வாங்கி அந்த வரியைப் பேனாவால் அடித்தார். பிறகு, "மேடம், இதை நீங்களே பண்ணிடுங்களேன்" என்றார்.

அந்தச் சீன் எனக்கு எதற்காக வேண்டியிருந்தது என்று சொல்லிவிடுகிறேன். அத்தனை வருடம் கிளிசரின் போட்டு அழுதிருக்கிறேன். எனக்குத் தெரிந்த துக்கம் எப்படி இருக்கும் என்று ஒரு தடவையும் யாரும் கேட்டதில்லை. நடிகை என்று என்னை நானே சொல்லிக்கொள்ள என்னிடம் இருந்தவை கண்ணீர்க் காட்சிகள் மட்டுமே. இந்த ஒன்றாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். மூன்று நிமிடம் வரும் என்று டைரக்டர் சொன்னார். போதும்.

முதுநகரில் மூடிக் கிடந்த ஓர் உப்புக் கிடங்கின் முன்னறையை தாலுகா ஆபீஸாக மாற்றினோம். கால் ஆடுகிற பெரிய மேசை ஒன்றும், துருப்பிடித்த பீரோ ஒன்றும் அந்த அறையிலேயே இருந்தன. அவற்றைப் பார்த்துத்தான் டைரக்டர் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார். புடவையையும் நானே எடுத்தேன். கடலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடைபாதைக் கடையில் வாங்கி, பலமுறை துவைத்து, மொட்டை மாடியில் வெயிலில் போட்டு வெளுக்க வைத்தேன். மஞ்சப்பையும் தயார். வீட்டில் அடுப்பு முன்னால் நின்றபடி பையைக் கை மாற்றிப் பார்ப்பேன். என் கணவர் சிதம்பரத்தில் கல்லூரி ஆசிரியர். ஒருநாள், "எங்கயாவது கெளம்புறியா?" என்று கேட்டார். சரியாகத்தான் செய்கிறேன் என்று தெரிந்துகொண்டேன்.

முதலில் குறித்த நாளில் பிச்சாவரத்தில் மழை. படகுக் காட்சியை எடுக்க முடியாததால் கதாநாயகனை வைத்து உள்ளே எடுக்கக்கூடிய எதையாவது எடுக்க வேண்டும். கிடங்கு அறையில் அவர் வருகிற வேறொரு காட்சி இருந்தது. அதை எடுத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னதே நான்தான். என் சீனுக்காக ஒதுக்கியிருந்த நாள் அப்படிப் போனது. புடவை கட்டி, தலையைக் கலைத்து, மேக்கப் இல்லாத மேக்கப்போடு நின்றிருந்தேன். அந்தக் கோலத்திலேயே டீ சொல்லி அனுப்பினேன்.

"உங்க சீன் எங்க போயிடப் போகுது? நீங்க லோக்கல்தானே மேடம்" என்றார் மேனேஜர்.

அடுத்த முறை கதாநாயகிக்கு சென்னையில் வேறு வேலை. அவர் கிளம்புவதற்குள் அவர் பகுதியை முடிக்க வேண்டும். "நீங்க லோக்கல்தானே மேடம்." அதற்கடுத்த முறை படகு கொடுத்தவர்கள் அன்றைக்கு விட்டால் கடலுக்குப் போய்விடுவோம் என்றார்கள். "லோக்கல்தானே." உள்ளூர்க் கோயில் சாமி மாதிரி ஆகிவிட்டேன். எப்போது வேண்டுமானாலும் கும்பிட்டுக்கொள்ளலாம் என்று எல்லோரும் வெளியூர்க் கோயிலுக்குப் போய்விட்டார்கள்.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு முறையும் தொழில்காரியாக யோசித்தால் அது சரியான முடிவு. நான் வெளியிலிருந்து பார்த்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். வேறு எந்த நடிகை தன் சீனைத் தள்ளிப்போட இவ்வளவு சுலபமாகச் சம்மதிப்பாள் என்று ஒரு தடவை கொழுந்தன் கேட்டான்.

அப்புறம் திருவிழாக் காட்சி வந்தது. புவனகிரிக்கு அந்தப் பக்கம் ஒரு திடலில் கடைகளும் ராட்டினமும் போட்டு, குறிஞ்சிப்பாடியிலிருந்தும் கம்மாபுரத்திலிருந்தும் ஆட்களை வேன்களில் ஏற்றி வந்தோம். அந்தக் கூட்டத்தை நிழலில் உட்கார வைப்பது, தண்ணீர் கொடுப்பது, குழந்தைகள் தொலையாமல் பார்ப்பது, சண்டை வராமல் பார்ப்பது எல்லாம் என் பொறுப்பு. அதற்கு முந்தின நாள் ஆர்ட் டிபார்ட்மெண்டிலிருந்து உதவியாளர் ஒருவர் பேசினார். கிடங்கில் இருக்கிற மேசையும் பீரோவும் சென்னைக்கு வேண்டும், மேட்சிங்குக்கு என்றார்.

மேட்சிங் என்றால், ஓரிடத்தில் எடுத்த காட்சிக்கு விட்டுப்போன நெருக்கமான ஷாட்டுகளை வேறோர் இடத்தில் அதே சாமான்களை வைத்து எடுத்துப் பொருத்துவது. அந்த அறையில் கதாநாயகன் வரும் காட்சியை ஏற்கெனவே எடுத்தாகிவிட்டதே, அதில் ஏதோ குறைகிறது என்று நினைத்தேன். மினி லாரி பிடித்தேன். மேசையின் ஆடுகிற கால் வழியில் உடைந்துவிடக் கூடாது என்று பழைய சாக்கைச் சுற்றிக் கட்டச் சொன்னேன். பீரோவின் துரு உரியாமல் இருக்கப் போர்வை போட்டேன்.

கிடங்கின் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற கத்தோலிக்கப் பள்ளி ஆசிரியர். லாரியில் ஏற்றுவதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இந்த மேச முன்னாடி நின்னு நீ நடிக்கப் போறேன்னு சொன்ன. மேச மட்டும் போவுது?"

"அது வேற சீன் சார். திரும்பி வந்துரும்."

"நீயும் ஏறிக்கயேன், எதுக்கும்" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். லாரிக்காரனிடம் விழுப்புரம் வழியாகப் போ, ரோடு நன்றாக இருக்கிறது என்று வழி சொன்னேன்.

திருவிழாக் காட்சியின் இரண்டாம் நாள் டைரக்டர் இல்லை. தயாரிப்பாளரைப் பார்க்கப் போயிருக்கிறார் என்றார்கள். அசோசியேட் டைரக்டர் கூட்டத்தை எடுத்தார். அன்று ராட்டினத்தில் ஏறிய ஒரு பாட்டியம்மாள் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்ததும், அவரை இறக்க நான் பட்ட பாடும்தான் எனக்கு ஞாபகம். அன்று சாயங்காலம் டைரக்டர் திரும்பி வந்து என்னைப் பார்த்து, "சூப்பர் மேடம், நீங்க இல்லன்னா இது நடந்திருக்காது" என்றார். கூட்டத்தைச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

பூசணிக்காயோடு கிள்ளை ரோட்டில் இருந்த படப்பிடிப்புக்குப் போனேன். மேனேஜர் காரில் உட்கார்ந்து ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். முடிக்கும் வரை காத்திருந்தேன்.

"சார், தாலுகா ஆபீஸ் சீன் இன்னும் எடுக்கலையே."

அவர் என்னைக் குழப்பமாகப் பார்த்தார். நடிப்பில்லை. உண்மையாகவே குழம்பினார்.

"அது போன வாரமே சென்னையில முடிஞ்சிருச்சே மேடம். நீங்கதானே மேசை பீரோ எல்லாம் அனுப்பி வச்சீங்க?"

"யார் பண்ணாங்க?"

ஒரு மூத்த நடிகையின் பேரைச் சொன்னார். எல்லோருக்கும் தெரிந்தவர். அரை நாள் கொடுத்தாராம். அரை நாளில் முடித்துவிட்டார்களாம்.

"டைரக்டர் சொல்லலியா உங்ககிட்ட?" என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கு உங்ககிட்ட சொல்லியாச்சுன்னுதான் தெரியும் மேடம்" என்றார். பிறகு அவசர வேலை இருப்பதுபோல் ஃபோனை எடுத்துக்கொண்டார்.

கொழுந்தன் வண்டியிலிருந்து இலைக்கட்டை இறக்கிக்கொண்டிருந்தான். அவனிடம் சொன்னேன். கட்டை அப்படியே கீழே போட்டான்.

"பூசணிக்காய எடுங்க அண்ணி, போயிரலாம். வூட்ல கூட்டு வச்சித் துன்னலாம். இவனுங்க தேங்கா ஒடைக்கட்டும்."

"சாப்பாட்டு நேரம். இலையைக் கொண்டுபோய்ப் போடு."

"உங்களுக்கு ரோஷமே இல்லியா?"

"சாப்பிட்டுட்டுப் பேசலாம்" என்றேன். யூனிட் சாப்பிட்டது. கூட்டு நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள்.

மறுநாள் கடைசி ஷாட்டுக்கு முன்னால் டைரக்டரே என்னைத் தேடி வந்தார். முந்தின நாளே மேனேஜர் சொல்லியிருப்பார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"கோவமா இருக்கீங்களா மேடம்?"

"ஏன்னு மட்டும் சொல்லுங்க சார்."

"அவங்க ஒரு நாள்தான் ஃப்ரீ. சென்னையில மட்டும்தான் பண்ணுவாங்க. தயாரிப்பாளரும் தெரிஞ்ச முகமா இருந்தா நல்லதுன்னு…"

"என்னை சென்னைக்குக் கூப்பிட்டிருக்கலாமே. நான் வந்திருப்பேனே."

"அன்னைக்கு இங்க திருவிழாக் கூட்டம் மேடம். உங்கள அங்க எடுத்துட்டா இங்க எல்லாம் நின்னுரும்." பிறகு உண்மையான மரியாதையோடு சொன்னார்: "நடிக்கிறதுக்கு ஆள் கிடைச்சிருவாங்க மேடம். உங்கள மாதிரி லொகேஷன் பண்றதுக்கு ஆள் கிடைக்கவே மாட்டாங்க."

அவர் என்னை அவமதிக்கவில்லை. பாராட்டினார். பதினைந்து பக்கத்துக்கு என்னைத் திட்டியிருந்தால்கூட நான் ஒரு வரியில் பதில் எழுதியிருப்பேன். பாராட்டுக்கு யார் பதில் எழுதுவார்கள்? ஒன்றில் நான் நன்றாக இருந்ததால் இன்னொன்றுக்கு என்னைக் கூப்பிடவில்லை. வேலையில் கொஞ்சம் ஏனோதானோ என்று இருந்திருந்தால் ஒருவேளை நடித்திருப்பேன்.

சாயங்காலம் பூசணிக்காய் உடைத்தார்கள். மேலே ஓட்டை போட்டு, குங்குமத் தண்ணீர் ஊற்றி, சூடம் ஏற்றினோம். டைரக்டர் கூப்பிட்டார்.

"மேடம் கையால உடைக்கட்டும். ராசியான கை."

எல்லோரும் கை தட்டினார்கள். "படத்துல நடிச்சவங்க யாராவது உடைங்க" என்றேன். சிலருக்கு அது புரிந்தது, சிலருக்குத் தன்னடக்கமாகத் தெரிந்தது. கதாநாயகன் வாங்கி உடைத்தார். காய் நன்றாகச் சிதறியது. கட்டிப்பிடித்தார்கள், ஃபோட்டோ எடுத்தார்கள், கேமராவையும் விளக்குகளையும் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு வண்டியாகக் கிளம்பினார்கள்.

ரோட்டில் பூசணிக்காய் கிடந்தது. பிச்சாவரம் போய்த் திரும்புகிறவர்களின் இருசக்கர வண்டிகள் அந்த வழியாகத்தான் வரும். வழுக்கி விழுந்தால் யார் பொறுப்பு? அனுமதிக் கடிதத்தில் என் கையெழுத்துதான் இருக்கிறது. கொழுந்தன் துடைப்பம் கொண்டு வந்தான். நான் பெரிய துண்டுகளைக் கையால் பொறுக்கி ஓரத்தில் போட்டேன். அவன் பெருக்கினான். சைக்கிளில் வந்த ஒரு பெண்மணி இறங்கி நின்று என்னையே பார்த்தார்.

"நீ சீரியல்ல அழுவுற பொம்பளதானே?"

"ஆமாங்க."

"ரோடு பெருக்குற மாதிரி சீனா?" சுற்றிலும் பார்த்தார். "கேமராவக் காணும்?"

"தூரத்துல வச்சிருக்காங்க" என்றான் கொழுந்தன்.

அவர் சட்டென்று முந்தானையைச் சரிசெய்துகொண்டு, சைக்கிளைத் தள்ளியபடி நேராகப் பார்த்து நடந்துபோனார். நன்றாகவே நடந்தார்.

படம் வெளியானபோது கடலூரில் போய்ப் பார்த்தோம். நான், என் கணவர், கொழுந்தன். அந்தச் சீன் இடைவேளைக்குப் பிறகு வந்தது. முதலில் தெரிந்தது என் பீரோ. துரு அப்படியே இருந்தது, ஒரு இடத்திலும் உரியவில்லை. பிறகு அந்த நடிகை வந்தார். அவர் மோசமாக நடித்திருப்பார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அதுவாவது ஆறுதலாக இருந்திருக்கும். அவர் நன்றாக நடித்தார். அழவில்லை. பையைக் கை மாற்றினார். கிளார்க்கின் முகத்தைப் பார்த்து, "எங்க ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். எனக்கு முன்வரிசையில் ஒருவர் மூக்கை உறிஞ்சினார்.

'எத்தனை' என்று சொன்னார். இந்தப் பக்கத்துப் பெண் 'எத்தினி' என்றுதான் கேட்பாள். கிளார்க்கின் முகத்தையும் பார்த்திருக்கக் கூடாது. பிணவறை வாசலில் நின்ற பெண் ஒரு முகத்தையும் பார்க்கவில்லை. கடிகாரத்தைத்தான் பார்த்தாள். இவ்வளவுதான் என்னால் கண்டுபிடிக்க முடிந்த குறை. மற்றபடி அந்தக் கேள்வி எனக்கும் சொந்தமானதல்ல. அந்தப் பெண் இந்தப் படத்தைப் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பாள் என்று யோசித்தேன். அவளுடைய ஊர்கூட எனக்குத் தெரியாது. செய்தியில் அதற்கும் இடம் இருக்கவில்லை.

"நல்லாத்தான் பண்ணியிருக்காங்க" என்றார் என் கணவர். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"உண்மைதான்" என்றேன்.

கடைசியில் ஓடிய எழுத்துகளில் நன்றி என்ற தலைப்பின் கீழே எங்கள் கம்பெனியின் பேர் வந்தது. அதற்குள் ஜனங்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். கொழுந்தன் மட்டும் யாரோ ஒருவரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

அந்த வசனத்தைப் பலரும் பாராட்டி எழுதினார்கள். ஒரு பேட்டியில் அது எப்படித் தோன்றியது என்று டைரக்டரிடம் கேட்டார்கள். கடலோர மக்களோடு பழகியதில் கிடைத்தது என்றார். அதுவும் பொய்யில்லை. நான் கடலூர்க்காரிதானே.

மேசையும் பீரோவும் திரும்பி வந்தன. மேசைக் காலில் நான் கட்டச் சொன்ன சாக்கு அவிழ்க்கப்படாமலே இருந்தது. முன்னால் துணி தொங்கவிட்டு மறைத்து எடுத்திருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. கிடங்குக்காரர் அவற்றைத் திரும்ப வைக்க இடமில்லை, நீயே வைத்துக்கொள் என்று கொடுத்துவிட்டார். தெற்கு வீதி ஆபீஸுக்கு மாடிப்படியில் ஏற்ற நான்கு பேர் தேவைப்பட்டார்கள். இப்போது அந்த மேசையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். கால் ஆடுகிறது.

கொஞ்ச நாள் கழித்துக் கொழுந்தன் ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டான்.

"அண்ணி, வேற ஒரு கம்பெனி. அந்தப் படத்துல வந்த மேச, பீரோ ரெண்டும் வேணுமாம். சென்னைக்கு அனுப்ப முடியுமான்னு கேக்குறாங்க. வாடக ஜாஸ்தியாத் தரானாம்."

"என்ன சீனுக்காம்?"

கேட்டுவிட்டு வந்தான். "ஏதோ அம்மா சீனாம்."

"சாமான் எதுவும் ஊரை விட்டு வெளிய போகாதுன்னு சொல்லு. வேணும்னா இங்க வந்து எடுக்கட்டும்."

"நடிக்க ஆளு வேணுமான்னு கேக்கட்டா?"

"வேணாம். அவங்களா கேட்டா பார்க்கலாம்."

அவன் ஃபோனில் சொன்னான். எதிர்ப்பக்கம் என்னவோ பேசினார்கள். கேட்டுக்கொண்டே இருந்தவன் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"என்ன சொல்றாங்க?" என்றேன்.

"அப்ப எடத்துக்கு மட்டும் எவ்ளோன்னு கேக்குறாங்க."

இடம் இருக்கிறது என்று சொல்லச் சொன்னேன்.